இரண்டு சகலைகளும் ஒரு ஃபோகஸும்

அங்குலம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, வேலையில் ஒட்டிக்கொண்ட பெயர். கேமராவில் ஃபோகஸ் பிடிப்பவள் அவள். நடிக்கிறவர் முன்னால் வந்தாலும் பின்னால் போனாலும் லென்ஸின் வளையத்தை அதற்குத் தகுந்தபடி திருப்பி, அவர் கண் மங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். கொஞ்சம் பிசகினால் போதும், கண் கலங்கிப்போய் காது மட்டும் பளிச்சென்று தெரியும். அதனால் அவள் இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். வீட்டில் புருஷன் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினால்கூட, "அரை அங்குலம் பின்னாடி போங்க, இன்னும் தெளிவா தெரியும்" என்பாள். அவரும் மறுபேச்சில்லாமல் போவார்.

அன்றைக்கு ஒரு நாற்காலிக் கம்பெனிக்கு விளம்பரப் படம், கம்பெனியின் கிடங்கிலேயே படப்பிடிப்பு. ஆபீஸ்களில் சக்கரம் வைத்து உருளுமே, அந்த மாதிரி நாற்காலி. முதலாளிகள் இரண்டு பேர், அக்காளையும் தங்கையையும் கட்டியவர்கள். பெரிய சகலை, சின்ன சகலை என்றால்தான் ஊழியர்களுக்கே தெரியும். வெளியே பார்த்தால் இருவரும் நகமும் சதையும். உள்ளே எலியும் பூனையும். பெரியவர் மினுங்குகிற சட்டை போட்டு வந்தால், மறுநாள் சின்னவர் கண் கூசுகிற சட்டையில் வந்து நிற்பார்.

"நடிகர் எதுக்கு? நம்ம நாற்காலியைப் பத்தி நம்மளைவிட யாரு நல்லா சொல்லிடுவா?" என்றார் பெரியவர்.

"நம்மளைன்னா ரெண்டு பேரையும்தானே அண்ணே சொல்றீங்க?" என்று சின்னவர் உறுதிசெய்துகொண்டார்.

டைரக்டர் இளவட்டம். புதிதாக வந்த டிஜிட்டல் சினிமா கேமராவை வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். அதை இயக்குவதும் அவனே. தரையில் கால் பாவவில்லை அவனுக்கு.

"அங்குலம், முகம் கத்தி மாதிரி இருக்கணும். பின்னாடி எல்லாம் வெண்ணெயா உருகணும். அதனால லென்ஸை முழுசா திறந்துதான் வைக்கப்போறேன்."

"முழுசா திறந்தா தெளிவா இருக்கிற இடம் நாலு விரக்கடைகூட தேறாது. அதுல ரெண்டு பேரை எங்க உக்கார வைக்கிறது? லென்ஸைக் கொஞ்சம் மூடிட்டு லைட்டைக் கூட்டுங்களேன்."

"மூடினா வெண்ணெய் உருகாதே! பெரியவர் முன்னாடி உக்காரட்டும், தெளிவா இருப்பார். சின்னவர் பின்னாடி, மங்கலா இருப்பார். முடிஞ்சது."

முடியவில்லை. சின்ன சகலையின் காது கூர்மையான காது. விளக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தபோது, பெட்டிகளுக்குப் பின்னால் வந்து அவளிடம் குழைந்தார்.

"ஏம்மா, அந்த வளையம் உன் கையிலதானே இருக்கு?"

"ஆமாங்க."

"அது தவறிப்போய் என் பக்கமா வழுக்கிடுச்சுன்னா யாரு கேக்கப்போறா? உன் வீட்டுக்கு ஒரு நாற்காலி அனுப்பிடறேன்."

அவர் நகர்ந்த சூடு ஆறுவதற்குள் பெரியவர் வந்துவிட்டார். "சகலை வந்து நாற்காலி தர்றேன்னிருப்பாரே? அவர் கை இல்லாத நாற்காலிதான் தருவார். நான் கைவச்சதாவே தர்றேன். ஃபோகஸ் என்னை விட்டு நகரக் கூடாது."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றாகிவிட்டது அங்குலத்துக்கு. யோசித்தாள். டைரக்டரிடம் போய், இரண்டு பேரையும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் பக்கம் பக்கமாக உட்காரவைத்தால் பின்னணியும் உருகும், முதலாளிகளும் உருகமாட்டார்கள் என்று புரியவைத்தாள். டேப்பின் ஒரு முனையைக் கேமராவில் மாட்டி, மறு முனையைப் பெரியவர் கண் வரைக்கும் இழுத்தாள். பிறகு சின்னவர் கண் வரைக்கும். இம்மி பிசகாமல் ஒரே அளவு. தரையில் சக்கரங்களுக்கு நேராகக் கலர் டேப் ஒட்டினாள்.

"இப்ப ரெண்டு பேருமே தெளிவுதான். ஆனா யாரும் அசையக் கூடாது."

"அசைஞ்சா?" என்றார் பெரியவர்.

"அசைஞ்சவர் பின்னாடியே நான் ஃபோகஸைக் கொண்டுபோகணும். மத்தவர் மங்கிடுவார்."

நாக்கில் சனி. சொன்ன பிறகுதான் இரண்டு பேர் கண்ணிலும் ஒரு மின்னல் வெட்டியதைப் பார்த்தாள்.

"ஆக்‌ஷன்!" என்றான் டைரக்டர்.

"முதுகுவலியா? கவலையை விடுங்க," என்று ஆரம்பித்த பெரியவர், 'விடுங்க'வுக்கு ஒரு காலை ஊன்றி அரையடி முன்னால் வந்தார். அங்குலம் வளையத்தைத் திருப்பினாள். கேமராவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பெரிய மானிட்டரில் தன் முகம் ஆவியாய்க் கரைவதைச் சின்னவர் பார்த்துவிட்டார். அவரும் ஓர் உந்து உந்தினார். "எங்க நாற்காலியில உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வராது!" பெரியவர் மறுபடி உந்தினார். சத்தமே வராத சக்கரங்கள். கம்பெனியின் பெருமையே அதுதான். அங்குலத்தின் விரல்கள் இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்கும் தாவித் தாவி, கடைசியில் வளையம் அதற்குமேல் திரும்ப மறுத்தது. லென்ஸின் மேல் இரண்டு மூக்குகள். கண்ணாடியில் மூச்சு ஆவி படிந்து படமே புகைமூட்டமாகிவிட்டது.

"கட்! கட்!" டைரக்டர் தலையில் கைவைத்தான். "சக்கரத்தை நூல் போட்டுக் கட்டிடலாமா?"

"உருளாத நாற்காலியை எவன் வாங்குவான்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

இதற்குள் அக்காளும் தங்கையும், நம்ம வீட்டுக்காரர்கள் எப்படி நடிக்கிறார்கள் பார்ப்போம் என்று வந்துவிட்டார்கள். எடுத்ததை மானிட்டரில் ஓடவிட்டான் டைரக்டர். பெரியவரின் முகம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. சும்மா சொல்லக் கூடாது, அங்குலம் பிடித்த ஃபோகஸ் அப்படி! மீசையில் சாயம் ஏறிய இடம், ஏறாத இடம், மீசையைத் தாண்டி உதட்டில் ஏறிய இடம் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது.

"அக்கா, அத்தான் மூக்கு மேல மரு இருக்கே, அதுல மூணு முடி இருக்கு பாரேன்!" என்றாள் தங்கை.

"நான் ரெண்டுன்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்," என்றாள் அக்காள்.

அடுத்த நொடி சின்னவர் முகம் வந்தது. பூசிய பவுடர் ஏரி வறண்ட மாதிரி வெடித்திருந்தது. தாடைக்குக் கீழே சவரக்கத்தி மறந்துபோன ஒரு புதர்க்காடு. இப்போது அக்காளின் முறை. "உன் வீட்டுக்காரர் முகம் கழுவிட்டுத்தானே வந்தார்?" இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"கேமராவுல ஏதோ கோளாறு," என்றார் பெரியவர், பேயறைந்த முகத்தோடு.

அங்குலத்துக்குச் சுருக்கென்றது. "கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உள்ளது உள்ளபடி வந்திருக்கு."

அந்த உள்ளபடிதான் வேண்டாமாம். சற்று நேரத்தில் பெரியவர் அவள் பக்கத்தில் வந்து பம்மினார். "அம்மா, கைவச்ச நாற்காலி உறுதி. ஆனா ஃபோகஸ் சகலை மேலயே இருக்கட்டும். பாவம், சின்னஞ்சிறுசு, ஆசைப்படறார்." அவர் போனதும் சின்னவர் வந்தார். "வயசுல மூத்தவரை மதிக்கணும்மா. என்னை மங்கலாவே விட்டுடு."

அடுத்த டேக். "ஆக்‌ஷன்!" என்றதும் இரண்டு நாற்காலிகளும் பின்னால் நகர ஆரம்பித்தன. "முதுகுவலியா," என்று சொல்லிக்கொண்டே பெரியவர் பின்வாங்கினார். "கவலையை விடுங்க," என்று சின்னவர் அதைவிட வேகமாகப் பின்வாங்கினார். பின்னால் சரக்கு ஏற்றும் வாசல் திறந்திருந்ததும், அதிலிருந்து முற்றம்வரை ஒரு சரிவு இறங்குவதும் முதலாளிகளுக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

சின்னவரின் சக்கரம் சரிவில் கால்வைத்தது. "ஐயையோ, அண்ணே!" என்று அவர் பெரியவர் சட்டையைப் பிடித்தார். சட்டை வர, சட்டைக்குள் இருந்தவரும் வர, இருவரும் வாசலிலேயே பொத்தென்று விழுந்தார்கள். பெரியவரின் நாற்காலி அவர் மேலேயே கவிழ்ந்தது. சின்னவரின் நாற்காலி மட்டும், பாரம் தொலைந்தது என்பதுபோல, தனியாகச் சரிவில் இறங்கியது.

அங்குலம் டேப்பைத் தொடவில்லை. அதற்கு நேரமுமில்லை. இருவரும் மங்கலாக இருக்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தலையாட்டியிருக்கிறாள். மிச்சம் இருப்பது நாற்காலிதான். விரல்கள் தானாகத் திரும்பின. நாற்காலி போகப் போக ஃபோகஸும் கூடவே போனது, நிழல் மாதிரி. அலுங்காமல் குலுங்காமல் முற்றத்தைக் கடந்து, அரைவட்டம் போட்டு, வெயிலில் போய் நின்றது நாற்காலி. அதன் துணியில் ஒவ்வோர் இழையும் எண்ணிவிடலாம். நாற்காலிக்கு இப்பால், அதைப் பிடிக்க வாசலிலிருந்து எழுந்து ஓடிய சகலைகள் இரண்டு பேரும் வெறும் கலர்க் கரைசல்.

டைரக்டர் கட் சொல்லவே மறந்துபோனான். பிறகு மெல்ல, "இதைத்தான் நான் மனசுல வச்சிருந்தேன்," என்றான். யாரும் அவனை நம்பவில்லை.

அந்த ஷாட்தான் விளம்பரம் ஆயிற்று. பேச்சே இல்லாமல் ஒரு நாற்காலி போய் வெயிலில் நிற்கிறது, பின்னாடியே இரண்டு பேர் ஓடுகிறார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போய், கம்பெனியில் ஆர்டர் எடுக்க ஆள் போதவில்லை. சொன்ன சொல் தவறாமல் இரண்டு நாற்காலிகளும் அங்குலத்தின் வீட்டுக்கு வந்து இறங்கின.

சகலைகளுக்குப் புதுச் சண்டை. டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம், "முன்னாடி ஓடுறது நான்தான்," என்பார் பெரியவர். "அது நான் அண்ணே, உங்களுக்கு அந்த வேகம் ஏது?" என்பார் சின்னவர். மங்கலான இரண்டு கரைசல்களில் எது யார் என்று கடவுளுக்கே வெளிச்சம். கடைசியில் அங்குலத்துக்கே போன் வந்தது. "ஏம்மா, நீதானே பார்த்துக்கிட்டு இருந்தே? முன்னாடி ஓடினது யாரு?"

"நான் நாற்காலியை இல்ல பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றாள் அவள். அது சத்தியமான பேச்சு.