எருமையின் பெயர் பேட்ரிசியா

எழுபத்தேழாம் வருட வெள்ளத்தில் காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் ஓர் எருமை நின்று, போகிறவர்களை இடது பக்கமும் வருகிறவர்களை வலது பக்கமும் அனுப்பிப் போக்குவரத்தைச் சரிசெய்தது. நான் நேரில் பார்த்தேன். யூடியூபில் அந்தப் பாலத்தைப் பற்றி வந்த வீடியோவின் கீழே எழுதியும் வைத்திருக்கிறேன். இருநூற்றுப் பதினான்கு பேர் கட்டை விரலைத் தூக்கியிருக்கிறார்கள். பொய்யென்றால் அத்தனை பேர் தூக்குவார்களா?

என் பெயர் தைரியராஜ். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். இப்போது பொன்மலைப்பட்டி வீட்டில் நானும் என் மனைவி அற்புதம்மாளும் மட்டும். மகன் ஜூட் தோஹாவிலிருந்து வந்தபோது ஒரு போன் வாங்கிக் கொடுத்து, ரேஷன் கார்டில் இருப்பது போலவே யூடியூபிலும் எங்கள் இருவரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் போனான். ‘தைரியம் அற்புதம்’ என்று பெயர். லாரி நெற்றியில் எழுதியது போல இருக்கும். காலையும் மாலையும் போன் என்னிடம். மதியம் நான் தூங்கும்போது அவளிடம். அவள் வேளாங்கண்ணிப் பூசையும் ஜெபமாலையும் பார்ப்பாள் என்பது என் எண்ணம். எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். சொல்வதற்குப் பாவம் கிடைக்காமல், என் பாவங்களில் இரண்டைக் கடன் வாங்கிக்கொண்டு போவதாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆறு வருடமாக நான் எழுதி வருகிறேன். மணப்பாறை முறுக்கைப் பற்றிய வீடியோ என்றால், அந்த முறுக்கு ஒன்றைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து உருண்டுகொண்டிருந்த இன்ஜினை நான் நிறுத்திய விவரம். மலைக்கோட்டை வீடியோ என்றால், அதன் நிழல் ஒரு காலத்தில் பெரிய கடை வீதிப் பக்கம் விழுந்ததும், வியாபாரிகள் கேட்டுக்கொண்டதால் திருப்பி வைத்ததும். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் செத்துப்போனால் ஊருக்கு நஷ்டம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. திண்டுக்கல் ரோட்டிலிருந்து ஒருவர், “ஐயா, அந்த முறுக்கு கை முறுக்கா, அச்சு முறுக்கா?” என்று கேட்டிருந்தார். முதலில் என்ன எழுதினேன் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். உண்மை சொல்கிறவன் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. என் தொழில் அப்படியல்ல. எதை எதையோ தடவியதில், ஆறு வருடமாக நான் எழுதிய அத்தனையும் வரிசையாக ஒரே இடத்தில் வந்து நின்றன. பரணிலிருந்து பழைய யூனிபாரத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் படித்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

நாற்பதாவதோ ஐம்பதாவதோ படிக்கும்போது மகிழ்ச்சி நின்றது.

பாலத்து வீடியோவில் ஒருவர், “அந்த எருமை அப்புறம் என்ன ஆச்சுங்க?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு என் பதில்: “அதன் பெயர் பேட்ரிசியா. ஓய்வு பெற்றுப் பச்சைமலையில் இருக்கிறது. பஸ் குறைவு என்பதால் கீழே வருவதில்லை. கிறிஸ்துமஸுக்கு மரவள்ளிக்கிழங்கு கொடுத்தனுப்பும்.”

அருமையான பதில். என் தரம். ஆனால் நான் எழுதிய ஞாபகம் இல்லை.

மறுபடி படித்தேன். எருமை ஞாபகம் இருக்கிறது. பேட்ரிசியா இல்லை. கீழே போனேன். முறுக்கு இன்ஜினுக்கு நம்பர் போட்டிருந்தது, நான் போடவில்லை. மலைக்கோட்டை நிழலைத் திருப்ப எட்டு யானைகள் வந்ததாக இருந்தது. நான் யானையைக் கூப்பிடவே இல்லை. எண்ணினேன். எழுதிய ஞாபகம் இல்லாதவை மொத்தம் பதினொன்று. பத்து பொய். ஒன்று மட்டும் உண்மை. அந்த உண்மைதான் என்னை அதிகம் கலக்கியது. நான் பொதுவாக அந்த மாதிரி எழுதுவதில்லை.

என் அண்ணன் சவரிராஜைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கடைசி மூன்று வருடம் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். முதலில் கண்ணாடியை மறந்தார், பிறகு தெருவை, பிறகு என்னை. என்னை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துக்கொண்டு, நான் அறைக்குள் போகும்போதெல்லாம் பயந்துபோய்ச் சட்டைப் பையைத் தடவுவார். நான் தினமும் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை அவர் பையில் வைத்துவிட்டு, வெளியே போய், திரும்ப உள்ளே வருவேன். எடுத்துக் காட்டுவார். “சரியா இருக்குங்க” என்பேன். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றியதெல்லாம் அற்புதம். அடக்கம் முடிந்து வந்த அன்று அவள் ஒன்றுதான் சொன்னாள்: “இன்னொருத்தர இப்படிப் பாத்துக்க என் உடம்புல சத்து இல்லைங்க.”

அதனால் அவளிடம் சொல்லவில்லை.

அண்ணனுக்கு ஆரம்பித்த வயதை நான் இரண்டு வருடம் தாண்டிவிட்டேன். என்னை நானே சோதிக்கத் தொடங்கினேன். குளிக்கும்போது பணிமனை நண்பர்களின் பெயர்கள், சாப்பிடும்போது முந்தின நாள் குழம்பு. தட்டில் பாதி மிஞ்சியது. “என்னங்க, உப்பு தூக்கலா?” என்றாள் அற்புதம். “இல்ல, சரியாத்தான் இருக்கு” என்றேன். முந்தாநாள் குழம்பு என்னவென்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது நாள் ஒரு சாட்சியைத் தேடி ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். பாலமுரளி எங்கள் பணிமனையில் எழுத்தராக இருந்தவர். வடக்குச் சித்திரை வீதியில் வீடு. நாற்பது வருடமாக என் கதைகளைக் கேட்டவர். போனதும் கேட்டேன்.

“பாலமுரளி, பேட்ரிசியான்னு ஒரு எருமையப் பத்தி நான் எப்பவாச்சும் சொல்லியிருக்கேனா?”

அவர் திருமண் காயாத நெற்றியைச் சுருக்கினார். “ஓய், நீர் சொன்னதுல எதையும் நான் ஞாபகம் வச்சுக்கறதில்லே. வச்சுண்டா எனக்குப் பைத்தியம் பிடிக்கும். என்ன விஷயம், முகமே சரியில்லையே?”

சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது.

“ஒண்ணு பண்ணும். திருச்சியிலேர்ந்து தஞ்சாவூர் வரைக்கும் ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்லும், பாப்போம்.”

“பொன்மலை, மஞ்சத்திடல், திருவெறும்பூர், தொண்டமான்பட்டி, ஐயனாபுரம், பூதலூர், ஆலக்குடி, தஞ்சாவூர்.”

அவர் விரல்களை மடக்கிக்கொண்டே வந்து, ஒரு விரலை மடக்காமல் நிறுத்தினார். “ஒண்ணு விட்டுட்டீரே ஓய்.”

“எது?”

“நான் சொல்லிட்டா அப்புறம் சோதனை எதுக்கு? நிதானமா யோசிச்சு நீரே சொல்லும். பெருமாள் இருக்கார்.”

அவருடைய பெருமாள் அவருக்கு இருக்கிறார். எனக்கு எட்டுப் பெயர்தான் இருந்தது. அந்த வழித்தடத்தில் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன்! திரும்பும் பஸ்ஸில் அம்மா மண்டபம் கடந்தது தெரியவில்லை. பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் ஊர்ந்தபோது பளிச்சென்று வந்துவிட்டது. எழுந்து நின்று, “சோளகம்பட்டி!” என்று கத்தினேன்.

“இந்த பஸ் அங்க போகாது பெருசு, உக்காருங்க” என்றார் கண்டக்டர்.

உட்கார்ந்தேன். ஞாபகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, வர அரை மணி நேரம் ஆனது என்று அழுவதா என்று தெரியவில்லை.

அன்று மாலை அந்தப் பதினொன்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம் இருந்தது. இரண்டு முப்பது, இரண்டு நாற்பத்தைந்து, மூன்று. எல்லாம் மதியம். எல்லாம் நான் தூங்கும் நேரம். எனக்கு விளங்கிவிட்டது: தூக்கத்தில் நடக்கிறவர்கள் இருப்பது போல நான் தூக்கத்தில் பொய் சொல்லுகிறவன். வேறு யாரையும் சந்தேகிக்கத் தோன்றவில்லை. வீட்டில் இருந்த மற்ற நபர் அன்பியத் தலைவி.

என்னை நானே கையும் களவுமாகப் பிடிப்பதென்று முடிவு செய்தேன். ஒன்பதாவது நாள் மதியம், போனை வழக்கம்போல மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்து, வலது கையைத் துண்டால் கட்டில் காலோடு கட்டிக்கொண்டேன். கட்டுவதற்கு இடது கை மட்டும் இருந்ததால் இருபது நிமிடம் ஆனது. கண்ணை மூடிக் குறட்டை விட்டேன். என் குறட்டைச் சத்தம் எனக்குத் தெரியாது என்பதால், அண்ணனுடைய குறட்டையை விட்டேன்.

மெல்லிய காலடி வந்தது. போனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கிசுகிசுவென்று ஒரு குரல்.

“பேட்ரிசியாவுக்கு மூணு பிள்ளைங்க. மூத்தது திருவெறும்பூர் கேட்டுல டியூட்டி பாக்குது. முற்றுப்புள்ளி. ஏய்... முற்றுப்புள்ளின்னு எழுதாத, புள்ளிய வையி.”

நான் எழுந்தேன். சமையல்கட்டு வாசல் வரை கட்டிலும் கூடவே வந்தது. அந்தச் சத்தத்தில் அவள் போனை மாவுச் சல்லடைக்குள் போட்டுவிட்டாள்.

“ஐயோ மாதாவே! தூங்கலையா நீங்க? கையில என்ன துண்டு?”

“அது அப்புறம். எருமைக்குப் பேர் வச்சது நீயா?”

முந்தானையால் போனைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“பின்ன என்னங்க? பேர் இல்லாத எருமைய யாரு நம்புவா? நீங்க சொல்றது எப்பவும் பாதிதான் இருக்கும். அந்த மனுசன் ரெண்டு மாசமா என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. பாவமா இருக்காதா?”

“பேட்ரிசியான்னா நம்ம பாடகர் குழு பேட்ரிசியாவா?”

“நான் யாரையும் சொல்லல.”

“பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொன்னியா?”

“மொதல் தடவையே சொல்லிட்டேன். மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு. அடுத்த தடவை போனப்ப, அந்த எருமை நல்லா இருக்கான்னு கேட்டாரு.”

நான் சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, நிற்கவில்லை, பிறகு அது சிரிப்பாகவும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனை, எட்டு ஸ்டேஷனை, கட்டிலை. அவள் துண்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஒம்பது நாளா இத வயித்துல வச்சுக்கிட்டா சோத்த ஒதுக்குனீங்க? நான் உப்பக் கொறச்சுக் கொறச்சு எனக்கே நாக்கு செத்துப்போச்சு.”

கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். “இது நான். யானை நான்தான். இன்ஜின் நம்பரா? அது நம்ம கேஸ் புக் நம்பர்” என்றாள். ஒவ்வொன்றுக்கும் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பத்து கல்.

பதினொன்றாவது அந்த உண்மை. அதே பாலத்து வீடியோவின் கீழே, யாருக்கும் பதிலாக இல்லாமல், தனியாக இருந்தது. ஒருவரும் விரல் தூக்கவில்லை.

“வெள்ளத்தன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பாலத்தில் நடந்தோம். நடுவில் வந்தபோது என் கால் நகரவில்லை. அவ்வளவு பயம். வெளியே சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.”

அப்போது ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் மகள் பெலிண்டா ஒரு வயதுக் குழந்தை. மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தோம். எருமையும் அந்த வழியில்தான் அறிமுகமானது.

அற்புதம் இரண்டு தடவை படித்தாள்.

“இது நான் இல்லைங்க.”

“நல்லா யோசி.”

“நான் பயந்தேன். அது நெசம். கால் நகரல. ஆனா இத நான் எழுதலையே... எழுதினேனா?”

நேரத்தைப் பார்த்தாள். மதியம் இரண்டு ஐம்பது. தேதியைப் பார்த்தாள். அந்தத் தேதியில் என்ன செய்தோம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நாலாவது விரலில் நின்றுவிட்டாள். அடுப்பைப் பார்த்தாள், ஏதோ அங்கே எழுதியிருப்பது போல. அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். ஒன்பது நாளாக முகம் மழிக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது.

“அட, இதுவா!” என்றேன். “ஞாபகம் வந்துடுச்சு. நான்தான். கண் ஆஸ்பத்திரில சொட்டு மருந்து போட்டு உக்கார வச்சிருந்தாங்களே, அன்னைக்கு. பக்கத்துல பச்ச சட்ட போட்ட ஒருத்தர் தும்மிக்கிட்டே இருந்தாரு. சும்மா உக்காந்திருக்கோமேன்னு எழுதினேன். கண்ணு மங்கலா இருந்ததால எருமைய விட்டுட்டேன்.”

“நெசமாவா?”

“நெசம்.”

“பயந்தீங்களா நீங்க? சிரிச்சுக்கிட்டே வந்தீங்களே அன்னைக்கு.”

“பல்லு அடிச்சுக்கிட்டது உனக்குச் சிரிப்பாத் தெரிஞ்சிருக்கு.”

அது மட்டும் உண்மை. ஆஸ்பத்திரியும் பச்சைச் சட்டையும் அந்த நொடியில் வந்தவை. நான் அதை எழுதியிருக்கலாம். அவள் எழுதியிருக்கலாம். எங்களில் யாரோ ஒருவர், ஒரு மதியம், வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு, சொன்னதை மறந்திருக்கிறார். அவள் முகம் தெளிய வேண்டும். அதற்காக அதை என் பெயருக்கு எழுதிக்கொண்டேன். அவள் நீண்ட மூச்சு விட்டு எழுந்து, மீன் குழம்பில் உப்பைத் தாராளமாகப் போட்டாள்.

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. இனிமேல் எழுதுவதன் கடைசியில் அவள் ‘அ’ என்று போட வேண்டும், நான் ‘தை’ என்று போட வேண்டும். குழப்பம் வராமல் இருக்கத்தான் என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள். பேட்ரிசியாவுக்குப் பேத்தி பிறந்த செய்தி ‘அ’ போட்டு வந்தது. அதற்கு ஞானஸ்நானம் கொடுத்த விவரத்தை ‘தை’ போட்டு நான் எழுதினேன்.

தினமும் காலையில் காப்பி குடித்ததும், அவள் பூசைக்குப் போயிருக்கும்போது, போனை எடுத்து முதல் நாள் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ‘அ’வோ ‘தை’யோ இல்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று. நேற்று வரை இல்லை.

இன்றைக்கு இன்னும் பார்க்கவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.