அசன அடுப்புக்குக் கீழே

சபைக் கோயிலின் சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரம் தோண்டிய அன்று எலிசாவும் அங்கே இருந்தாள். வேலையாட்களுக்குச் சாயா கொண்டு போயிருந்தாள். ஜேசிபியின் பல் மண்ணுக்குள் எதிலோ சிக்கி வெடுக்கென்று இழுத்தது. வண்டியை ஓட்டிய ஆன்றோ நிறுத்திவிட்டுக் குதித்தான். குழிக்குள் மஞ்சள் நிற எரிவாயுக் குழாய். அதன் முதுகில் நீளமாக ஒரு கீறல்.

“மொதலாளி, கேஸ் பைப்பாக்கும். அந்தா ரோட்டோரக் கல்லுல நம்பர் உண்டு. போன்ல விளிச்சுச் சொல்லிருவோம்.”

காண்ட்ராக்டர் எபிசன், எலிசாவின் கணவன், குனிந்து மோந்து பார்த்தான். “காத்து ஒண்ணும் போகல்ல. மண்ணப் போட்டு மூடுலே. சொன்னா வேலைய நிப்பாட்டுவான், போலீஸ் கேஸும் போடுவான். அசன விருந்துக்கு முன்ன சுவரு எழும்பாண்டாமா?”

எலிசா சாலையோரக் கல்லை வாசித்தாள். தோண்டும் முன் தெரிவிக்க வேண்டும். குழாய்க்குச் சேதம் ஏற்பட்டால், கசிவு இல்லாவிட்டாலும், உடனே தெரிவிப்பது சட்டப்படி கடமை என்றிருந்தது.

“கசிவு இல்லன்னாலும் சொல்லணுமாமே?”

“போர்டுல அப்பிடித்தான் எழுதுவான். நீ சாயாவ ஊத்து ஏட்டி.”

சுவர் எழுந்தது. நல்ல மழைக்காலம், ஆனாலும் சுவரோரப் புல் மட்டும் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. எப்போதாவது லேசாக ஒரு நாற்றம் வரும். சாக்கடை ஓடையாக இருக்கும் என்றார்கள். எலிசா அந்தப் பக்கமாக நடப்பதையே விட்டாள்.

அசனத்துக்கு முந்தின நாள் காலை போகாமல் தீரவில்லை. சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர் அவள். சமையலை அவள்தான் பார்க்க வேண்டும். சமையல்காரர் ஏசுஅடிமை அடுப்புக்காகச் சுவரோரமாகவே செங்கல் வைத்து அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் குமிழ்கள் விடாமல் கிளம்பி உடைந்துகொண்டிருந்தன. அவர் பீடியை உதட்டில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார்.

“அண்ணாச்சி, பத்த வைக்காதீங்க!” எலிசா போட்ட கூச்சலில் தீப்பெட்டி தண்ணீரில் விழுந்தது.

அவரை இழுத்துக்கொண்டு சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு ஓடினாள். சாலையோரக் கல்லில் இருந்த எண்ணைப் போனில் அழுத்தினாள்.

எரிவாயுக் கம்பெனி ஆட்கள் வந்து வால்வை அடைத்தார்கள். தெருவின் மின்சாரத்தை நிறுத்தி, வீடுகளைக் காலி செய்தார்கள். அளவுக் கருவியைச் சுவரோரம் கொண்டுபோனதும் அது அலற ஆரம்பித்தது. ஓடை நெடுக, ஞாயிறு பள்ளி அறை வரைக்கும் அலறல் ஓயவில்லை.

“இழுத்ததுல இணைப்பு விட்டிருக்கு. வாயு ஓடை வழியா அந்த அறைக்கு அடியில போய் நிக்குது,” என்றாள் கம்பெனி இன்ஜினியர் ஜிஷா. எபிசனிடம் திரும்பினாள். “குழாயில பட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பவே சரி பண்ணியிருப்போம். மறைச்சதுக்கும் சேத்துத்தான் இப்ப புகார்.”

போலீஸ் எபிசனைக் கூட்டிப் போனது. அசனம் நின்றது. புருஷனையே காட்டிக் கொடுத்தாள் என்று சபையார் எலிசாவின் காதில் விழும்படியே பேசினார்கள்.

சாயங்காலம் ஜாமீனில் வந்தவன் சோற்றில் கை வைக்கவில்லை.

“நீதானே விளிச்சது?”

“ஓ. நான்தான்.”

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

“கழிஞ்ச வருஷம் கோட்டாத்துல, துணிக்கடைக்கு முன்ன ஓடை வெட்டினோம் இல்லா? அங்கயும் பைப்புல பட்டது.”

“சொன்னியளா?”

“மூடிட்டேன்.”

எலிசா அதே எண்ணை அழுத்திப் போனை அவன் கையில் கொடுத்தாள். திக்கித் திக்கி அவன் தெருவைச் சொன்னான், கடையைச் சொன்னான். பக்கத்தில் அடுப்பு ஏதும் எரிகிறதா என்று அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது.

“ஒட்டினாப்புல பரோட்டாக் கடை உண்டு,” என்றான். “இப்ப… இப்ப நல்ல கூட்டமா இருக்கும்.”