எட்டு நிமிட ரசம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன ஞாயிறு என் கணவர் ரசம் வைக்கும்போது கைபேசியில் எட்டு நிமிடத்துக்கு அலாரம் வைத்தார். அவ்வளவுதான் விஷயம்.

இதில் என்ன கதை என்று கேட்பீர்கள். அவர் மசாலா ஆலையில் சரக்கை முகர்ந்து பார்த்துத் தேர்வு செய்கிறவர். மிளகோ மல்லியோ, அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் மூட்டை உள்ளே போகும். ஆலையில் அவருக்குப் பெயரே மூக்கு சார். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரசம் அவர் பொறுப்பு. புளித்தண்ணீர் கொதித்துப் பச்சை வாசனை போனதைக் கூடத்தில் பேப்பர் படித்தபடியே தெரிந்துகொண்டு எழுந்து போவார். இருபது வருடமாக இப்படித்தான். அப்படிப்பட்ட மனிதருக்கு அலாரம் எதற்கு?

2

முதல் தொடக்கம்: "அந்தக் காய்ச்சல் போகும்போது அவருடைய" (வேண்டாம். மருத்துவக் கட்டுரை மாதிரி ஆகிவிடும்.)

இரண்டாவது: "மூக்கு சார் அடுப்பின் முன் நின்று நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகிறது. அன்றிலிருந்து சோப்பு மணக்கவில்லை, பூண்டு மணக்கவில்லை. ஆலையில் நிறத்தை மட்டும் பார்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் புது மிளகு லோடு இறங்குகிறது. பூஞ்சை பிடித்த மூட்டை இருந்தாலும் அவருக்குத் தெரியாது, கையெழுத்து மட்டும் அவருடையது. இதை மனைவியிடம் சொல்ல அவருக்கு"

அவருக்கு என்ன? பயமா, வெட்கமா? கதையில் வருகிற மூக்கு சாரின் மனசுக்குள் நான் சுலபமாகப் போய் வருகிறேன். என் வீட்டில் இருப்பவர் கல்லுளிமங்கன். இந்தப் பகுதியில் காய்ச்சலும் நாளைய லோடும் நிஜம், மற்றதெல்லாம் என் ஊகம்தான்.

3

(இதை எழுதக் கூசுகிறது. கூசினாலும் எழுதுகிறேன் பாருங்கள். எழுதுகிற எங்களையெல்லாம் நம்பாதீர்கள்.)

இன்று ஞாயிறு மத்தியானம் அவர் கொத்தமல்லி வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, ஒரு பாத்திரத்தில் வெறும் பச்சைத்தண்ணீரை ஊற்றி, மூடி, அடுப்பின் மேல் வைத்தேன். பற்றவைக்கவில்லை. அவர் வந்ததும், இன்றைக்கு ரசம் நானே வைத்துவிட்டேன், சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றேன்.

அவர் எதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் முகர்வார். நிறத்தைப் பார்த்தால் மூக்கு ஏமாந்துவிடும் என்பது அவர் கட்சி. அதன்படியே கண்ணை மூடி, மூடியைத் திறந்து, குனிந்து மூச்சை இழுத்து, மறுபடி மூடிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

"மணக்குது," என்றார்.

கதைக்கு ஒரு காட்சி கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒருத்தி சந்தோஷப்பட்டாள். அவளை நாலு அறை அறைய வேண்டும். அவர் கைகழுவப் போனதும் தண்ணீரைக் கொட்டினேன். ரசம் கைதவறிக் கொட்டிவிட்டது, சாயங்காலம் நீங்களே வையுங்கள் என்று அதற்கு இன்னொரு பொய்யும் சொன்னேன்.

4

முடிவு ஒன்று: மனைவி கேட்கிறாள், அவர் உடைந்து அழுகிறார். (நடக்காது. பெற்ற அம்மா போனபோதே அழாதவர்.)

முடிவு இரண்டு: நெய்யில் கடுகு வெடிக்கும்போது வாசனை திரும்பி வந்துவிடுகிறது. (எழுதி அடித்துவிட்டேன். எனக்கே அவ்வளவு ஆசையாக இருந்தது.)

முடிவு மூன்று: இருவரும் வாய் திறக்கவில்லை. காலையில் லோடு இறங்குகிறது. அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப்

5

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நான் எழுதுவதை முதலில் படிக்கிறவர் அவர்தான். தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்தால் படிக்கலாம் என்று அர்த்தம். எடுத்துப் படித்து, ஓரத்தில் பென்சிலால் பிழை குறித்து வைப்பார். பழக்கதோஷம், இன்றும் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். துணியோடு இறங்கும்போது பாதிப் படியில்தான் உறைத்தது. ஓடி வந்தேன்.

தாள்கள் நிமிர்ந்து கிடந்தன. மூன்றாம் பகுதியின் ஓரத்தில் அவருடைய பொடி எழுத்து:

"மூடி ஜில்லென்று இருந்தது. நீ பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் வேறு என்ன சொல்வது?"

மிளகு லோடு வருகிற வரியின் கீழே ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார். சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை.

இதை எழுதும்போது அடுப்படியில் புளித்தண்ணீர் கொதிக்கிறது. அலாரம் அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டு நிமிடம் இதற்குள் ஆகியிருக்கும். அவர் அலாரம் வைக்கவே இல்லை போலிருக்கிறது.

"கொஞ்சம் இங்க வாயேன்," என்று குரல் வருகிறது. "பச்சை வாசனை போயிடுச்சான்னு சொல்லு."

இருபது வருடத்தில் அவர் யாரிடமும் கேட்காத கேள்வி இது. என்னுடைய மூன்று முடிவுகளிலும் இது இல்லை. இன்னும் போகலைங்க என்று இங்கிருந்தே சொல்லலாம், பச்சை வாசனை இந்த அறைவரை வருகிறது. ஆனால் கேள்வி ரசத்தோடு நிற்கவில்லை என்று எனக்குத் தெரிகிறது, காலை ஒன்பது மணி லோடும் அதற்குள் இருக்கிறது. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடுகிறேன். உள்ளே போய், அடுப்பைத் தணித்துவிட்டு, அவரிடம் நான் முதலில் சொல்லப்போவது