விடுபட்ட நாற்பத்தொன்று

பழைய பதிவேடு பரணில் கிடந்தது. கரையான் மூன்று பக்கம் அரித்துப் பார்த்துவிட்டு, ருசிக்கவில்லை போல, விட்டிருந்தது. நகராட்சிப் பதிவறை எழுத்தர் அதைத் துடைத்து மேஜையில் விரித்து, பக்கத்தில் புதியதையும் வைத்தாள். புதியது என்றால் பத்தொன்பது வருடத்துக்கு முன் அவளே படியெடுத்தது. அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று மேலாளர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டும் கையெழுத்து.

நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் திடல் யாருடையது என்பதுதான் ஊர்ப் பேச்சு. காய்கறிக்காரிகள் கூடை பரப்புவதும் பெண்கள் ஸ்கூட்டர் பழகுவதும் அங்கேதான். மாவு மில்காரர் அது தன் அப்பாவின் நிலம் என்று சொல்லி, சுவர் எழுப்ப அனுமதி கேட்டிருந்தார். புதன்கிழமை மன்றத்தில் தீர்மானம். வெள்ளிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். மில்காரருக்கு ஆதாரம் அவளுடைய பதிவேடு.

அதில் நாற்பதாம் எண் நிலம், மில்காரருடைய அப்பாவின் பெயரில். அடுத்த வரி நாற்பத்திரண்டு, திடல். உரிமையாளர் என்ற இடத்தில் 'மேற்படி'. மேல் வரியில் உள்ளவரே என்று பொருள். ஒரே பெயரைத் திரும்ப எழுதச் சலித்து அந்த அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுதான். பழையதிலும் திடலுக்கு 'மேற்படி'தான். ஆனால் அதற்கு மேல் நாற்பத்தொன்று இருந்தது. சாக்கடையோரத் துண்டு நிலம், உரிமையாளர் நகராட்சி.

அந்த ஒரு வரியை அவள் விட்டிருந்தாள்; நகராட்சியின் திடல் மில்காரருடைய அப்பாவுக்குப் போய்விட்டது. சாக்கடையைத் தேடி எவரும் வராததால் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை.

அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல், அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு, காய்ச்சல் அதற்கடுத்த வருடம் என்று நினைவு வந்தது. காரணமே இல்லாத தவறு. எழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் தையல்காரக் கணவனிடம் சொன்னாள். "நாளைக்குக் கூட்டத்துல நான்தாங்க பதிவேட்டைப் படிக்கணும்."

"படிச்சிட்டு வா."

"அதுல தப்பு இருக்கு. என் தப்பு."

மெஷின் நின்றது. முழுவதும் கேட்டுவிட்டு, "அடுத்த மேலாளர் நீதான்னு சொல்லிட்டிருந்தாங்களே" என்றான்.

"அதான் யோசிக்கிறேன்."

"பழைய புக்கு இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்கிறதுதான் இந்த வீட்ல எப்பவும் பிரச்சனை." அவன் மறுபடி மெஷினை மிதித்தான். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே, "ரெண்டு புக்கும் கனமா இருக்கும். நான் கொண்டுவந்து விடறேன்" என்றான்.

மன்றத்தில் தலைவர் அவசரத்தில் இருந்தார். "நாப்பத்திரெண்டைப் படிங்கம்மா, கையோட முடிச்சிரலாம்."

படித்தாள். 'மேற்படி' என்றதும் மில்காரர் நாற்காலியில் சாய்ந்தார். அவள் அத்தோடு உட்கார்ந்துவிட்டிருக்கலாம். உட்கார்ந்தால் இனி வாழ்நாளெல்லாம் நல்ல கையெழுத்துக்காரி. அந்தப் புகழைக் கட்டிக்கொண்டு தனியாக இருக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

"ஐயா, இன்னொண்ணும் படிக்கணும்" என்று பழையதைத் திறந்தாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்து, "விட்டது நான்தான்" என்றாள்.

தலைவர் கோப்பைப் புரட்டினார். "இந்தப் பழைய புக்கை அழிச்சாச்சுன்னு சான்று இருக்கே. யார் கையெழுத்து போட்டது?"

"அதுவும் நான்தாங்கய்யா."

மன்றமே சிரித்தது. மில்காரர் மட்டும் எழுந்து வந்து பழைய பக்கத்தின் மேல் குனிந்து நின்றார். "வக்கீலைக் கேட்டுத்தான் சொல்வேன்" என்றார். பிறகு, குரல் தணிந்து, "எங்கப்பா அந்தத் திடலைப் பத்தி ஒரு நாளும் பேசினதில்ல. எனக்கே அது இடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார்.

தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள். நிலத்தை அளக்கும்வரை யாரும் காலி செய்ய வேண்டாம் என்றார்கள். மூன்று நாளில் விளக்கம் தரச் சொல்லி அவளுக்கு மெமோ. மேலாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் அதை நீட்டினார்.

வீட்டுக்குத் திடல் வழியாக நடந்தாள். அவளுக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. வெண்டைக்காய் கூறு கட்டிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள்.

"ஏம்மா, நீங்க ஆபீஸ்காரங்கதானே? யாரோ ஒரு எழுத்தர் சொதப்பி வச்சதுலதான் இவ்வளவு கூத்தாமே?"

"ஆமாம்மா. அது நான்தான்."

காய்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று இவள் நின்றாள். திட்டவும் செய்தாள், நன்றாக, மூச்சு வாங்கும்வரை. பிறகு கூடையைத் தள்ளி இடம் விட்டாள்.

"சரி, உக்காருங்க. வேர்த்து ஊத்துது உங்களுக்கு."

அவள் உட்கார்ந்தாள்.