வெட்டிப் போட்ட ரெண்டு நிமிஷம்

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காதுங்க. அருள்புரத்துல எங்க பனியன் கம்பெனியில யாரை வேணாலும் கேளுங்க, செக்கிங் சித்ரகலாகிட்ட மட்டும் வம்பு வெச்சுக்காதேன்னு சொல்லுவாங்க. ஆனா இந்தப் பதினஞ்சு நாளா நான் கத்துன கத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமப் போச்சு. யாரைத் திட்டறதுன்னே தெரியல.

என்ற தம்பி தரணீதரன் ஆறு வருசத்துக்கு முன்னால இதே கம்பெனியில கட்டிங்ல இருந்தான். எங்கப்பா பொன்னுச்சாமிக்கு இங்கதான் வாட்ச்மேன் வேலை. மொதலாளி கால்ல விழாத குறையா கெஞ்சி அப்பா வாங்கிக் குடுத்த வேலை அது. ஷிப்மென்ட் நேரம், டேபிள் மேல துணி விரிச்சபடி கெடக்குது, இவன் சினிமாவுல நடிக்கறேன்னு மெட்ராஸ் பஸ் ஏறிட்டான். மொதலாளி முன்னாடி அப்பா தலையைத் தொங்கப் போட்டுட்டு நின்னதை நான் பாத்தேன். ஒரு மாசம் கழிச்சு அவன் போன் பண்ணப்ப அப்பாவே போனைப் புடுங்கிப் பேசுனாரு.

"திரையில உன்ற மூஞ்சியை என்ற கண்ணால பாக்கற அன்னைக்கு ஊட்டுக்கு வா. அதுக்கு முன்னால வாசப்படி மிதிக்காதே."

சொன்னா சொன்னதுதான் எங்கப்பாவுக்கு. அம்மா தவறுனப்பக் கூட தம்பி சுடுகாட்டோட அப்படியே திரும்பிப் போனான். ஊட்டு வாசலுக்கு வரல. ரெண்டு பேருக்கும் ஒரே வீம்பு, நடுவுல கெடந்து அல்லாடறது நான்.

இந்த வருசந்தான் அவனுக்கு ஒரு படத்துல ஒரு சீன் கெடைச்சுது. கூட்டத்துல நிக்கற வேலை இல்லீங்க. வசனம் பேசி, ஹீரோவோட ரெண்டு நிமிஷம். எனக்குக் கால் தரையில நிக்கல. செக்கிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் எல்லாத்துக்கும் லட்டு குடுத்தேன். அப்பா லட்டை வாங்கி வாயில போட்டுட்டுக் கேட்டுப் பக்கம் போயிட்டாரு. ஆனா அந்த வாரத்துல நாலு தடவை "எப்ப ரிலீஸ்னு சொன்னே?"ன்னு கேட்டாரு. நாலு தடவைங்க! அந்த மனுசன் அவன் பேச்சையே எடுக்காதவரு.

அங்கதான் எங்களுக்குச் சனி புடிச்சுது. இங்க ஏதோ பஞ்சாயத்து, தியேட்டர் கெடைக்கலைன்னு ரிலீஸைப் பதினஞ்சு நாள் தள்ளிப் போட்டாங்க. வெளிநாட்டுல மட்டும் சொன்ன தேதிக்கே விட்டுட்டாங்க. அரபு நாட்டுப் பக்கம் பெருநாள் லீவாம், அதை விட மனசில்லையாம். நாங்க தெக்கற சட்டையும் அப்படித்தானுங்க. நல்லது மொத்தமும் கப்பல் ஏறிரும், கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் நமக்கு. ஆனா சட்டைய அங்க எவனும் போன்ல புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்ப முடியாது. படத்தை அனுப்பலாம். அனுப்பிட்டான் ஒரு புண்ணியவான்.

மூணாம் நாள் மத்தியானம் சோத்துப் போசியைத் தொறந்தா, பக்கத்து டேபிள் மயிலாள் போனை வெச்சுட்டு உக்காந்திருக்கா.

"சித்ரக்கா, உங்க தம்பி படம் வந்துருச்சுங்க! முழுப்படம். டெலிகிராம்ல வந்துச்சு."

"அடியேய், அது திருட்டுப் படம்டி. மூடு!"

"எல்லாரும் பாத்தாச்சுங்கக்கா. ஆனா..." அவ இழுத்தா. "உங்க தம்பியைக் காணமே?"

எனக்குச் சுர்ருன்னுச்சு. அவசரத்துல பாத்தா எங்க தெரியும்னு அவளைத் திட்டிட்டு, மத்தியான பெல் அடிச்சதைக் கூடக் கேக்காம நானே ஓட்டி ஓட்டிப் பாத்தேன். இல்ல. எங்கயும் இல்ல. கடைசியில பேரு ஓடற எடத்தையாவது பாக்கலாம்னா, அதுக்கு முன்னாலயே போனை மடியில போட்டுட்டான் அந்தத் திருட்டுப் பய.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"எனக்கும் நேத்துத்தான் தெரிஞ்சுதுக்கா. நான் நடிச்சது சாராயக்கடை சீன். அந்த நாட்டுல அதை வெட்டிட்டுத்தான் காட்டியிருக்காங்க. நம்மூருல முழுசா வருது. அப்பாவைப் பாக்க விட்டுராதீங்கக்கா."

"உங்கிட்ட அந்தச் சீன் இருந்தா அனுப்பு சாமி."

"எங்கிட்ட ஏதுக்கா? டப்பிங்ல பாத்ததோட சரி. போனையே வெளிய வாங்கி வெச்சுட்டுத்தான் உள்ள விட்டாங்க."

பாத்தீங்களா நியாயத்தை? நடிச்சவன் கையில இல்ல. ஊருல இருக்கற அத்தனை பேரு கையிலயும் இருக்குது, அவன் இல்லாம!

அப்பா உக்காந்திருக்கற வாசல் கேட்டுக்கு நான் ஓடறதுக்குள்ள மயிலாள் முந்திக்கிட்டா. அவ கெட்டவ இல்லீங்க, பெரியவரு ஆசைப்படுவாரேன்னு போனைக் குடுத்திருக்கா. அப்பா கண்ணாடியைப் போட்டுட்டு, போனைத் தண்ணி பாட்டில்ல சாய்ச்சு வெச்சு, ரெண்டேகால் மணி நேரம் பாத்தாரு. லாரி வந்து ஹாரன் அடிச்சா எந்திரிச்சுக் கதவைத் தொறந்து விடுவாரு, திரும்பி வந்து விட்ட எடத்துல இருந்து பாப்பாரு. ஒரு பொட்டுக் கூட விடல. முடிஞ்சதும் போனைச் சட்டையில தொடைச்சு மயிலாள் கையில குடுத்துட்டு, என்ற பக்கம் திரும்பவே இல்ல.

"அப்பா, அது வெட்டுன படமுங்க. வெளிநாட்டுக்காரன் வெட்டிப் போட்டுட்டான்."

"எல்லாரையும் விட்டுட்டு உன்ற தம்பியை மட்டும் வெட்டுனானா அம்முணி?"

கேக்கறதுக்கு எனக்கே பொய் மாதிரிதான் இருந்துச்சு.

அதுக்கப்பறம் கம்பெனியில ஒரே கேலி. "லட்டு மட்டும் நெசமுங்கக்கா"ன்னு பேக்கிங் பசங்க சிரிக்கறானுக. அப்பாகிட்ட லாரி டிரைவர் வரைக்கும் கேட்டிருக்காங்க, ஏனுங்கண்ணா உங்க பையன் எந்தச் செவுத்துக்குப் பின்னால நிக்கறாருன்னு. அன்னைக்குப் பொழுதோட அப்பா சோறு வேண்டாம்னு படுத்துக்கிட்டாரு.

பதினஞ்சு நாள் கழிச்சு வெள்ளிக்கிழமை நம்மூருல ரிலீஸ். அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஒருக்கா பாத்துத் தலை குனிஞ்சது போதும்"னுட்டாரு. மயிலாளைக் கூப்பிட்டேன். "பாத்த படத்தை எவ காசு குடுத்துப் பாப்பா? லீவு போட்டா சம்பளமும் போகுமுங்க"ன்னா. நான் மட்டும் அரை நாள் லீவு சொல்லிட்டு பல்லடம் ரோட்டுத் தியேட்டருக்குப் போனேன்.

பதினோரு மணி ஆட்டத்துக்கு என்னையும் சேத்து ஆறு பேரு. பத்துப் பேராவது இல்லீன்னா ஓட்ட மாட்டமுங்கன்னு டிக்கெட் குடுக்கறவரு சொன்னாரு. வந்த கோவத்துல இன்னும் நாலு டிக்கெட்டையும் நானே வாங்கி, என்ற ரெண்டு பக்கமும் காலி சீட்டை வெச்சுட்டு உக்காந்தேன்.

வந்தானுங்க! இன்டர்வெல் முடிஞ்சு கொஞ்ச நேரத்துல, சாராயக்கடையில, தோள்ல துண்டோட என்ற தம்பி வந்தான். ஹீரோ டேபிள்ல தலையை வெச்சு அழுகறாரு. இவன் பக்கத்துல வந்து நின்னு, "அழுகறதுன்னா எந்திரிச்சு வெளிய போயி அழுங்கண்ணா. இங்க டேபிளைத் தொடைக்கறவன் நானாக்கும்"னான். அச்சு அசல் நம்ம பேச்சு. பின்னால உக்காந்திருந்த ரெண்டு பேரு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. அவன் மூஞ்சி அந்தச் செவுரு அகலத்துக்கு நிக்குது. அம்மாவோட அதே நெத்தி.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அப்பாகிட்ட எதைக் காட்டறது? பையில இருந்து போனை எடுத்தேன். புடிக்க ஆரம்பிச்சேன்.

ஒரு நிமிஷம் கூட ஆகல, தியேட்டர்க்காரன் ஒருத்தன் மூஞ்சியில டார்ச் லைட் அடிக்கறான்.

"அக்கா, போனைக் குடுங்க. வெளிய வாங்க."

"அவன் என்ற தம்பிங்க! இந்த ஒரு சீன் மட்டும் போதுமுங்க, எங்கப்பாவுக்குக் காட்டோணும்."

"எடுக்கறவங்க எல்லாரும் இப்படித்தான் ஒரு கதை சொல்றாங்க. உங்களை மாதிரி ஆளுகனாலதான் தியேட்டர் காலியாக் கெடக்குது."

என்னைப் பாத்து! பதினஞ்சு நாளா அந்தத் திருட்டுப் படத்தைக் காறித் துப்பிட்டிருந்த என்னைப் பாத்து! அந்தாளு நான் எடுத்ததை அழிச்சான். அழிச்சது போயிச் சேர்ற எடத்துலயும் தேடி அழிச்சான். போலீசுக்குச் சொல்லாம விடறதே பெருசுன்னான். சண்டை போட வாயைத் தொறந்தேன், மூடிட்டேன். அவன் மேலயும் தப்பு இல்லியே.

"சரிங்க, நாளைக்கு எங்கப்பாவை எப்படியாவது இழுத்துட்டு வர்றேன். காலையில எத்தனை மணிக்கு?"

"நாளைக்கு வேற படமுங்க. சுத்துவட்டாரத்துல இங்க மட்டுந்தான் போட்டோம், அதுவும் இந்த ஒரு ஆட்டத்தோட சரி. இதை ஊரே போன்ல பாத்திருச்சு, யாரு வர்றாங்க?"

தியேட்டர் வாசல்லயே நின்னு டெலிகிராம் எல்லாம் தேடுனேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், மயிலாளுக்குப் போன் போட்டு, எங்க கெடைக்கும்னு கேட்டுக் கேட்டுத் தேடுனேன். எல்லாத்துலயும் அதே வெட்டுன படந்தான். இத்தனை திருடனுக இருக்கற நாட்டுல என்ற தம்பி சீனைத் திருட ஒருத்தன் இல்ல! ஒரு காப்பி இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்குன்னு விட்டுட்டானுக போல.

மூணு மணிக்குக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். அப்பா சேர்ல இருந்து எந்திரிச்சாரு. என்னைப் பாத்து அவரு எந்திரிச்சது அதான் மொதத் தடவை.

"இருந்தானா அம்முணி?"

"இருந்தானுங்கப்பா. அம்மா நெத்தியோட இருந்தான். எல்லாரும் சிரிச்சாங்கப்பா."

அவரு சட்டைப் பையில இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டாரு. "எங்க, காட்டு."

காட்டறதுக்கு எங்கிட்ட என்ன இருக்குது? நடந்ததைச் சொன்னேன். போனைப் புடுங்குனாங்க, அழிச்சாங்க, நாளைக்குப் படம் இல்லைன்னு ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்ல, அவரு மூஞ்சி மாறிட்டே வந்துச்சு. கண்ணாடியைக் கழட்டி மடிச்சாரு.

"அவந்தான் பொய் சொல்றான்னு இருந்தேன். நீயுமா?"

நான் நல்லாக் கத்தியிருப்பேன். அந்நேரம் பாத்துப் போன் அடிச்சுது. தம்பி. அக்கட்டத் தள்ளி மரத்தடிக்குப் போய் எடுத்தேன்.

"அக்கா, படம் பாத்தீங்களா?"

"பாத்தேன் சாமி. நெம்ப நல்லாப் பண்ணியிருக்கே."

அப்பறம் மெதுவாக் கேட்டான். "அப்பா பாத்தாருங்களாக்கா?"

இந்த ஊரே என்னைப் பொய்க்காரின்னு சொன்னப்ப நான் ஒரு பொய் கூடச் சொல்லல. நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, ஒண்ணு கூடச் சொல்லல. அவன் மூச்சு விடற சத்தம் போன்ல கேக்குது.

"பாத்தாருடா"ன்னேன்.

அந்தப் பக்கம் விக்கி விக்கி அழுகறான். ஆறு வருசத்து அழுகை. அழுது முடிச்சு, மூக்கை உறிஞ்சிட்டு, சின்னப் பையனாட்டம் கேட்டான்.

"அப்ப நான் ஊட்டுக்கு வரலாமாக்கா?"