பின் சீட்டில் ஒன்றேகால் ஆள்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சின்னக் காரின் பின் சீட்டில் பிறந்தது. என் முழங்கால் இரண்டும் நெஞ்சை முட்டிக்கொண்டிருந்தன. மடியில் ஒரு மிக்சி, காலடியில் குக்கர், பக்கத்தில் சுருட்டிய மெத்தை. முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என் தங்கையின் கணவன், அவன் பக்கத்தில் என் தங்கை. இருவரும் பேசிக்கொண்டு பதினோரு நாள் ஆகியிருந்தது.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது பாசத்தினால் அல்ல. "அண்ணா, ஜன்னலக் கொஞ்சம் ஏத்தச் சொல்லு" என்பாள் அவள். "மாப்ள, ஜன்னலக் கொஞ்சம் ஏத்துங்க" என்பேன் நான். "ஏத்தியாச்சுன்னு சொல்லுங்க மச்சான்" என்பான் அவன். மூன்று பேருக்கும் ஒரே மொழிதான். ஆனாலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.

அன்றைக்கு வழியில் நான் செய்த ஒரு காரியத்தை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுதினால் சொன்னதாக ஆகாது என்று ஒரு நப்பாசை.

2

முதல் தொடக்கம்: "அந்தி மயங்கும் வேளையில் நெடுஞ்சாலை ஒரு கரும்பாம்பைப் போல வளைந்து—"

(நிறுத்திவிட்டேன். எழுதுகிறவர்கள் எல்லோருடைய நெடுஞ்சாலையும் கரும்பாம்புதான். தவிர, நாங்கள் கிளம்பியது காலை ஒன்பதரைக்கு.)

இரண்டாம் தொடக்கம்: "ஆயிரம் சி.சி.க்கும் குறைவான இன்ஜின், மூன்றே சிலிண்டர், ஆனாலும் அந்தக் கார்—"

(இது கதையா, ஷோரூமில் கையில் திணிக்கிற காகிதமா?)

மூன்றாம் தொடக்கம்: "லிஃப்ட்காரன் மனிதர்களை எடை போட்டுத்தான் பார்ப்பான்."

இது பரவாயில்லை. மேலும் இது உண்மை, மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

லிஃப்ட்காரன் மனிதர்களை எடை போட்டுத்தான் பார்ப்பான். அவன் பிழைப்பு அப்படி. லிஃப்டுக்குள் 'எட்டு பேர், 544 கிலோ' என்று ஒரு தகடு ஒட்டியிருக்குமே, அதை நீங்களும் நானும் படிப்பதில்லை. அவன் படிப்பான். ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ என்பது அவனுக்கு மனப்பாடம். எண்பத்தைந்து கிலோ இருக்கும் என்னை முதல் தடவை பார்த்தபோதே, "மச்சான், நீங்க ஒண்ணேகால் ஆள்" என்றான். பெண் பார்க்க வந்த இடத்தில் சொன்னான். என் தங்கை உள்ளே சிரித்தது கூடம் வரை கேட்டது. அந்தச் சிரிப்புதான் சம்மதம்.

சின்னக் கார் வாங்கியதும் அந்தக் குணம் முற்றிப்போயிற்று. பல ஊர்க் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை, அதனால் தினமும் நெடுஞ்சாலை. டிக்கியில் கிடந்த குடையைக்கூட எடை என்று வீட்டில் எடுத்து வைத்தான். வேகம் எழுபதைத் தாண்டாது. "எழுபதுலதான் மச்சான் இது மனசார குடுக்கும்" என்பான். பெரிய கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு அவனைக் கடந்து போகும். அவன் அந்த ஓட்டுநர்களை இரக்கத்தோடு பார்ப்பான்.

(இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு விஷயம். நாம் ஒருவரை ஒருவர் கேட்பது "வண்டி எவ்வளவு குடுக்குது?" என்றுதான். எவ்வளவு குடிக்கிறது என்று கேட்பதில்லை. லிட்டருக்கு இருபத்துநாலு கொடுக்கிறது என்றால் கொடுப்பது வண்டி, வாங்கிக்கொள்வது நாம். இவ்வளவு பெருந்தன்மையான வினைச்சொல்லைப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே நாம் பயன்படுத்துவதே இல்லை. கட்டுரை முடிந்தது.)

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். பதினான்கு வருடம் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்தவளுக்கு ஒரு நாள் பதவி உயர்வு வந்தது. வேறு ஊரில் ஒரு மருத்துவமனை, கூடம் முழுவதும் இவள் பொறுப்பு. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று அவனிடம் சொன்னாள்.

அவன் கேட்ட முதல் கேள்வி: "அது இங்கேருந்து எத்தனை கிலோமீட்டர்?"

"நூத்தி நாப்பது."

அவன் ஒரு நிமிடம் கணக்குப் போட்டான். முகம் மலர்ந்தது. "ஆறு லிட்டர்கூட ஆகாது" என்றான்.

அன்றோடு பேச்சு நின்றது.

அவன் என்ன தப்பு செய்தான் என்று அவனுக்கு விளங்கவே இல்லை. அவனைப் பொறுத்தவரை அதைவிட ஆசையாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நீ எங்கே போனாலும் எனக்கு அது பக்கம்தான், நினைத்த நேரத்தில் வந்துவிடுவேன் என்பதைத்தான் அவன் லிட்டரில் சொன்னான். அவளோ, சந்தோஷம் என்று ஒரு வார்த்தை வரும் எனக் காத்து நின்றாள்.

4

இப்போது ஏ.சி.யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், அவர்களுக்குத் தாண்டுவது சுலபம்.

சின்ன இன்ஜின் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யாது. ஆளையும் இழுத்து, ஏ.சி.யையும் ஓட்டி, முன்னால் போகிற லாரியையும் தாண்டு என்றால் அது மூச்சு வாங்கும். எனவே தாண்டுவதற்கு முன்னால் ஏ.சி.யை அணைக்க வேண்டும், தாண்டியதும் போட வேண்டும். சின்னக் கார் குடும்பங்களில் இது எழுதாத சட்டம்.

இவர்கள் வீட்டில் அணைப்பது அவள் வேலை. அவன் "ம்" என்பான். அவள் கை போகும், பொத்தானை அழுத்தும். லாரி பின்னால் போனதும் கை தானாகத் திரும்பப் போகும். ஒன்பது வருடமாக இப்படித்தான். நடுவில் எந்தப் பேச்சும் நிற்காது. மாமியாரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே அணைப்பாள், தூக்கத்தில்கூட ஒரு தடவை அணைத்திருக்கிறாள்.*

*டிரைவரே கையை நீட்டி அணைக்கலாமே என்று கேட்பீர்கள். அணைக்கலாம். பொத்தான் இருவருக்கும் நட்டநடுவில்தான் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் அவன் அதைத் தொட்டதே இல்லை, தனியாகப் போகும்போது பெட்ரோல் மிச்சம் என்று ஏ.சி.யே போடமாட்டான். இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை, கல்யாணம் ஆனவர்களுக்கு விளக்க வேண்டியதும் இல்லை.

5

இனி நடந்தது. எழுதும்போது கதை கனமாக இருந்ததால் என்னையும் மிக்சியையும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டேன். பின் சீட்டு காலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதாவது கிலோமீட்டரில் பாலம் கட்டுகிறார்கள். அகலமான சாலை அங்கே சுருங்கி, போகிறதும் வருகிறதும் ஒரே பாதையில். முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி, நடை வேகம். இருபது நிமிடமாக அதன் புகையைச் சுவாசித்தார்கள். அவன் எட்டி எட்டிப் பார்த்தான். எதிரே காலி. கியரை இறக்கினான், வண்டியை வெளியே எடுத்தான். லாரியின் பாதி நீளம் வந்தபோது திருப்பத்தில் ஒரு பஸ் தெரிந்தது.

"ம்" என்றான்.

பதினோரு நாளில் அவளிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை. வார்த்தை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு ஒற்றெழுத்து.

அவள் கை மடியில் இருந்தது. பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. வண்டி இழுக்கவில்லை. அவள் கை

அவள் கை மெல்ல

அவள் தன் கையைப் பார்த்தாள், பிறகு

(மூன்று தடவையும் இங்கேதான் நிற்கிறது. கற்பனை வறட்சி இல்லை. என்னை இறக்கிவிட்டு எழுதினால் இந்த இடத்துக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. திரும்ப ஏறிக்கொள்கிறேன்.)

6

நான்தான் அணைத்தேன்.

மிக்சியைத் தள்ளிவிட்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து, பொத்தானை அழுத்தினேன். உயிர்ப் பயம், வேறொன்றும் இல்லை. வண்டி ஒரு உதறு உதறி முன்னால் ஓடியது. லாரியின் மூக்கைச் சுற்றி உள்ளே நுழைந்தோம். பஸ் திட்டிக்கொண்டே போயிற்று.

 ஏ.சி.யை யாரும் திரும்பப் போடவில்லை. மீதி அறுபது கிலோமீட்டரும் வியர்த்து வழிந்தபடி போனோம். தங்கை வெளியே பார்த்துக்கொண்டு அழுதாள். அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான், ஆனால் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். இவனுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவள் தங்கப்போகிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. சாமானை மூன்றாம் மாடிக்குச் சுமந்து ஏற்றிவிட்டு, இவன் கீழே போய் ஒன்றரை மணி நேரம் அந்த லிஃப்டைச் சரிசெய்தான். அவளிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "கெளம்பலாமா மச்சான்?" என்றான்.

திரும்பி வரும்போதுதான் சொன்னான். "பாத்தீங்களா மச்சான்? என்ன கோவமா இருந்தாலும் அவ கை போச்சு பாத்தீங்களா?"

கண் ஓரத்தில் ஒரு கை போனதைப் பார்த்திருக்கிறான். ஒன்பது வருடமாகப் போகிற கை, வேறு யாருடையதாக இருக்கும்? நான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன். "பசிக்குது மாப்ள, எங்கயாச்சும் நிறுத்துங்க" என்றேன்.

7

இது நடந்து மூன்று மாதம். அவள் வரவில்லை. அவன் போகவும் இல்லை, அவள் கூப்பிடட்டும் என்று. போனில் கேஸ் சிலிண்டர் வந்ததா, தண்ணீர் வந்ததா என்ற அளவில் பேச்சு.

கதையை முடிப்பதற்காக அவளுக்கு போன் செய்தேன். வெட்கமில்லாத தொழில் இது.

"குட்டி, அன்னிக்கு நான் கைய நீட்டலேன்னா நீ ஆஃப் பண்ணியிருப்பியா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "எனக்கே பாக்கணும்னு இருந்துச்சு அண்ணா, என் கை போகுதா இல்லையான்னு. நீ விட்டாத்தானே?"

எழுத்தாளன் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு கதையின் நடுவில் கையை விட்டுக் கெடுத்திருக்கிறேன். அவள் சொன்னதும் காது சுட்டது.

"மாப்ள அது உன் கைன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு."

 யாரோ பின்னால் ரத்த மாதிரிக் கண்ணாடிக் குழாய்களை அடுக்குகிற ஓசை மட்டும் கேட்டது.

"ம்" என்றாள்.

எந்த 'ம்' என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

8

இதோடு கதையை நிறுத்தி, கீழே கோடு போட்டுவிடலாம் என்றிருந்தேன். இன்று காலை வாசலில் கார் வந்து நின்றது. டிக்கி நிறைய அவனுடைய சாமான்.

"கம்பெனியில சொல்லி அந்த ஊருக்கே மாத்திக்கிட்டேன் மச்சான். வீட்டையும் காலி பண்ணியாச்சு. அவகிட்ட இன்னும் சொல்லல" என்றான். உள்ளே வாருங்கள் என்றேன், இறங்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மாப்ள."

"நேத்து தனியா போகும்போது வெயில் தாங்காம ஏ.சி. போட்டிருந்தேன், ஒரு டேங்கரத் தாண்ட வேண்டி வந்துச்சு. நானே கைய நீட்டி ஆஃப் பண்ணேன், மொத தடவையா. அப்பதான் ஒரு யோசனை. அவ கை வந்தா பக்கவாட்டுலேருந்துதானே வரணும்? அன்னிக்கு வந்த கை பின்னாடிலேருந்து வந்த மாதிரி…" தலையை ஆட்டிச் சிரிக்கப் பார்த்தான். "என் பிரமையா இருக்கும். நீங்க பின்னாடிதானே உக்காந்திருந்தீங்க. அவ கைதானே மச்சான் அது?"

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று, உண்மையைச் சொல்வது. அவன் சாமானை எங்கே இறக்குவான் என்று தெரியவில்லை, வீடுதான் காலி செய்தாயிற்றே. இரண்டு, "ம்" என்பது. என் கையை நம்பிக்கொண்டு அவன் அவள் வாசலில் போய் நிற்பான், அவளுக்கோ அது யார் கை என்று தெரியும். மூன்று, "அவளையே கேளுங்க மாப்ள" என்பது. இதுதான் சரியான பதில், வாரப்பத்திரிகை ஆலோசனைப் பக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் கேட்கத் தெரிந்தவனாக இருந்தால் அவன் எட்டாம் பகுதி வரை வந்திருக்க மாட்டான்.

அவன் ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சிக்னலில் பத்து வினாடி நின்றாலே இன்ஜினை அணைத்துவிடுகிற மனுஷன் இவன். இப்போது வந்து கால் மணி நேரமாகிறது, அணைக்கவில்லை. அது அவன் நினைவிலேயே இல்லை.

நான் ஒரு தடவை கையை நீட்டியதற்கே இந்தப் பாடு. இந்த முறை நீங்கள் சொல்லுங்கள், அதையே அவனிடம் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், பெட்ரோல் போய்க்கொண்டிருக்கிறது.