பஸ்னாவுக்குச் சொன்ன ரிசல்ட்

உயிர்த்தகவலியலில் முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ், என்றால் என்ன படிப்பு என்று மடவளை ஊருக்கு விளக்கியே ஷிபானாவுக்கு வாய் வலித்துப்போனது. ஒரு மாமிக்கு அது டொக்டர் படிப்பு. இன்னொருவருக்குக் கொம்பியூட்டர் கோர்ஸ். கடைசியில் ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது: ஜமால்தீனுடைய மகள் கொம்பியூட்டருக்குள்ளே ரத்தம் பார்க்கிறாள். அவளும் அதைத் திருத்தப் போகவில்லை. அலுத்துப்போயிருந்தாள். கொம்பியூட்டர் பார்த்துச் சொன்னால் பிழை போகாது என்று ஊர் நம்பிக்கொண்டது. ஊரைவிட அதிகமாக நம்பியவள் பஸ்னா.

பஸ்னா அவளுடைய சாச்சியின், உம்மாவின் தங்கையின், மகள், இரண்டு வயது இளையவள், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். போன வருடம் அவளுக்கு மாமா மகன் ருஷ்தியோடு நிக்காஹ் பேசினார்கள். மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. ருஷ்தியின் ராத்தா, அதாவது அக்கா மஸாஹிராவின் மகனுக்குத் தலசீமியா என்ற ரத்த நோய். ஏழு வயதுப் பிள்ளை, மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறான். தாயும் தகப்பனும் இருவருமே அந்தக் குறையைத் தங்கள் ரத்தத்தில் சுமந்தால் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. பிள்ளைக்குத்தான் நோய் வரும், நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

ஆஸ்பத்திரியில் ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும் விஷயம்தான். ஆனால் பெண் டெஸ்ட் எடுக்கப் போனாள் என்று காதில் விழுந்தால் ருஷ்தியின் உம்மாவான மாமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். எங்கட ரத்தத்தில சந்தேகமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார், அதோடு சம்பந்தம் ஆடிப்போகும். மகளின் பிள்ளை படுகிற பாட்டைக் கண்ணால் பார்க்கிற மனுசிதான். இருந்தும் அப்படித்தான்.

அந்த நேரத்தில் ஷிபானா தன் ஆய்வுக்காக ஊரில் எண்பத்துநாலு பேரிடம் ஒரு தாதியை வைத்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்கப்போவது அதே தலசீமியா மரபணுவை. பஸ்னா தானும் வந்து கை நீட்டினாள், ருஷ்தியையும் கூட்டிவந்து நீட்டவைத்தாள். ராத்தாவின் படிப்புக்கு என்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்! எல்லாரும் போனபிறகு ஷிபானாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ரிசல்ட் வந்தா எனக்கு மட்டும் செல்லுங்க ராத்தா. ரெண்டு பேருக்கும் ஈந்தா நான் வேணாண்டு செல்லிருவன். ஏனெண்டு யாருக்கும் செல்ல மாட்டன்."

தனியாட்களின் முடிவை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று ஷிபானா பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். படிக்கிற பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் பார்க்கிற முடிவை ஆஸ்பத்திரி முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்குத்தான் அந்த விதி. சாச்சி மகள் கேட்கும்போது விதியாவது ஒன்றாவது! மூன்று மாதம் கழித்து முடிவு வந்ததும் பஸ்னாவுக்குப் போன் எடுத்தாள்.

"பயப்படாம சம்மதம் செல்லு. ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்ல."

பஸ்னா போனிலேயே அழுதாள். அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது. இப்போது அம்பிட்டியவில் வாடகை வீடு, வயிற்றில் மூன்று மாதம்.

ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை பகல், ஷிபானா கடைசிச் சரிபார்ப்பை ஓட்டினாள். ஒவ்வொரு மாதிரியும் ஆணுடையதா பெண்ணுடையதா என்று மரபணுவை வைத்தே பார்த்து, பெயரோடு பொருந்துகிறதா என்று காட்டும். முதலில் செய்யவேண்டிய வேலை அது. எல்லாம் ஒழுங்காக வந்த தைரியத்தில் பின்னுக்குத் தள்ளியிருந்தாள். பாதிப்பேர் மாறி வந்தார்கள். அவளுடைய வாப்பா ஜமால்தீன் பெண்ணாக வந்திருந்தார். அதைப் பார்த்து முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் பஸ்னாவை நினைத்தாள்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் செல்லவில்லை. மாமிமாரின் பெயர்களைச் சுலபமாகத் தேடலாம் என்று பட்டியலை அகரவரிசைப்படுத்திய நாள் ஞாபகம் வந்தது. பக்கத்து நிரலையும் சேர்த்து நகர்த்தவா என்று கொம்பியூட்டர் மரியாதையாகக் கேட்டது. அவள் வாசிக்காமலே ஒரு பொத்தானை அமத்தினாள். பெயர்கள் நகர்ந்தன, மாதிரி இலக்கங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ரத்தம் எடுத்த தாதி கையால் எழுதிய தாளைத் தேடியெடுத்து விரல்வைத்துப் பார்த்தாள். பதினேழு பஸ்னா. பதினெட்டு ருஷ்தி. அந்த இரண்டு இலக்கங்களுக்கும் எதிரே முடிவு ஒன்றுதான்: இரண்டு பேரும் சுமக்கிறவர்கள்.

பெயர் மாறியதைச் சொன்னபோது மேற்பார்வையாளர் சேதுராமன் கோபப்படவில்லை, அதுதான் வினை.

"நல்லவேளைங்க, கொடுக்கறதுக்கு முன்னாடியே புடிச்சீங்க. பேர சரி பண்ணி மறுபடி ஓட்டிருங்க, ஒரு வாரத்து வேலதான்," என்றவர், கதவுவரை போய்த் திரும்பினார். "வெளியில யாருக்கும் ரிசல்ட் சொல்லலையே?"

"இல்ல சார்."

பொய் இவ்வளவு லேசாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

அன்றிலிருந்து சனிக்கிழமைவரை தனக்குத்தானே வழக்காடினாள். பிள்ளை வயிற்றில் வந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன பயன்? கலைக்கச் சட்டமும் விடாது, பஸ்னாவும் அதற்கு இணங்குகிறவள் இல்லை. நாலில் மூன்று பங்கு நல்லபடிதானே. பிறந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். சொன்னால் ஆஸ்பத்திரியில் யார் சொன்னது என்று கேட்பார்கள், பல்கலைக்கழகத்துக்குப் போகும், இரண்டு வருடப் படிப்பு மண்ணாகும். இரண்டு வாரம் பொறுத்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டே சொல்லிவிடலாம். ஒவ்வொரு காரணமும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சோறு மட்டும் இறங்கவில்லை. ஞாயிறு காலை உம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

ருஷ்தி கடைக்குப் போயிருந்தான். பஸ்னா இஞ்சி போட்ட பிளேன்டீயைக் கையில் தந்துவிட்டு, முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் பூரித்திருந்தது. ஷிபானா வாயைத் திறக்கமுன் அவள் திறந்தாள்.

"இந்தக் கதயக் கேளுங்களே ராத்தா. கிளினிக்ல என்ட ரத்தத்தப் பாத்துட்டு, ரத்த அணுவெல்லாம் சின்னதா ஈக்கி, தலசீமியா டெஸ்ட் பாக்கணும், மாப்புளயயும் கூட்டிவாங்கண்டு நர்ஸ் மிஸ் செல்றாங்க. நான் வுடுவனா? எங்கட ராத்தா யூனிவர்சிடில ஜீனயே பாத்துச் செல்லீக்கிறாங்க, ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்ல, இது இரும்புச்சத்துக் கொறவாத்தான் ஈக்குமெண்டன். அவங்க வுடவே இல்ல. டெஸ்ட் வேணாண்டு கையெழுத்து வச்சிட்டு வந்துட்டன்!"

ஷிபானா கோப்பையை நிலத்தில் வைத்தாள். பஸ் வழியெல்லாம் கோத்துவைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு நேராகச் சொன்னாள்.

"பஸ்னா, நான் செல்லின பிழ. லிஸ்ட்ல பேரு மாறிட்டு. என்ட கைப்பிழ. உங்க ரெண்டு பேருக்கும் ஈக்கி."

கீழ்வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. பஸ்னா ஒருமுறை சிரிக்கப் பார்த்தாள், விளையாட்டாக இருக்கும் என்ற நப்பாசையில். ஷிபானாவின் முகத்தைப் பார்த்து அதையும் விட்டுவிட்டாள்.

"எப்பயிருந்து தெரியும்?"

"செவ்வாக்கிழம."

"நான் கிளினிக்குக்குப் போனது வியாழக்கிழம."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று ஷிபானா நினைத்தாள். பிழை விட்டதற்கு அவளுக்குத் துக்கம் இருந்தது, நாலைந்து நாளாக இருந்தது. இது வேறு. இது வெட்கம். செவ்வாய்க்கிழமையே போன் எடுத்திருந்தால் வியாழக்கிழமை பஸ்னா அந்தக் கையெழுத்தை வைத்திருக்கமாட்டாள். அழுகை வந்தது.

"அழ வாணாம்," என்றாள் பஸ்னா. குரலில் கோபம் இல்லை, வகுப்பில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரல் அது. "நாளைக்கு காலைல என்னோட கிளினிக்குக்கு வாங்க. நானாப் போய்ச் செல்லினா இனி நம்ப மாட்டாங்க. நீங்க செல்லுங்க. உங்கட பேரு, யூனிவர்சிடி பேரு, எப்பிடிப் பிழ நடந்திச்சி, எல்லாம்."

"என்ட படிப்பு…" என்று தொடங்கி ஷிபானா நிறுத்திக்கொண்டாள். "வாறன். செல்றன்."

"ருஷ்திக்கும் நீங்கதான் செல்லணும்."

"மாமிக்கு?"

"மாமிக்கு நான் செல்றன். அவங்கட மொகத்துக்குப் பயந்து டெஸ்ட் எடுக்காம, உங்கள நம்பினனெண்டு செல்றன்."

பஸ்னா எழுந்து மணிக்கூட்டைப் பார்த்தாள். ருஷ்தி வர இன்னும் அரைமணித்தியாலம் இருந்தது. இருங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. ஷிபானா இருந்தாள்.